தாத்தாவின் ஒமேகா வாட்ச் அண்ணனுக்கா, எனக்கா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சாரத்தை மட்டும் தருகிறேன்.

பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவருடைய தாத்தா 1957-ல் ஊர் திரும்பியபோது கையில் ஓர் ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் இருந்தது. 1971-ல் மகனுக்குத் திருமணம் நடந்த அன்று அதைக் கழற்றி மகன் கையில் கட்டிவிட்டார். அந்த மகன்தான் வாசகியின் அப்பா, பள்ளி ஆசிரியர். கடைசிவரை அதைத்தான் கட்டினார். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, டிபனுக்கு உட்காரும் முன் சாவி கொடுப்பார். கடைசி நான்கு வருடம் கை நடுங்கியதால் அந்த வேலை மகளுக்கும், பிறகு பேரனுக்கும் வந்தது. சென்ற ஆண்டு நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்த்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரில் வாட்ச், மோதிரம், மூக்குக் கண்ணாடி மூன்றையும் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு மகளிடம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வார்டுக்கு மாற்றியதும் அப்பா, “அந்த வாட்ச் உங்கிட்டயே இருக்கட்டும்மா” என்றார். அதற்கு மறுவாரம் இறந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. அப்பத்தா ஏற்கெனவே காலமாகிவிட்டார்.

காரியம் முடிந்த கையோடு கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் வாட்சைக் கேட்டிருக்கிறார். “ஆண் வாரிசு நான். கொள்ளி வைத்ததும் நான். கொடுக்காவிட்டால் போலீஸில் திருட்டுப் புகார் கொடுப்பேன்” என்கிறாராம். பழைய வாட்ச் வாங்கும் ஒருவர் ஒன்றரை லட்சம் வரை போகும் என்று சொன்னதாகவும், அண்ணன் அதை விற்றுவிடுவார் என்று அண்ணி மூலம் தெரியவந்ததாகவும் வாசகி எழுதுகிறார். அப்பா வாயால் சொன்னது உயில் ஆகாதா, பரம்பரைச் சொத்து என்பதால் பிறப்பிலேயே தனக்கு உரிமை இல்லையா, நான்கு வருடம் பார்த்துக்கொண்டதற்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாதா, திருட்டு வழக்கு வருமா என்பவை அவருடைய கேள்விகள். டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துப் பாலிஷ் போட ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், செய்யலாமா என்று கடைசியில் ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் திருடவில்லை. மருத்துவமனை ஊழியர் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் அது. உங்களிடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், நீங்களும் மறைக்கவில்லை. நேர்மையற்ற எண்ணம் இல்லாமல், தனக்கு உரிமை உண்டு என்று நம்பி வெளிப்படையாக வைத்திருப்பது திருட்டு ஆகாது. போதாததற்கு, அந்த வாட்சில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கூட்டுச் சொத்தைப் பற்றிப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. இரண்டு பேருக்குச் சொந்தமான குதிரை. ஒருவர் அதை ஓட்டுவதற்காகக் கொண்டுபோனால் குற்றமில்லை, அவருக்கு அந்த உரிமை உண்டு. அதையே விற்று முழுப் பணத்தையும் தானே எடுத்துக்கொண்டால் அது கையாடல். குதிரை இருக்கும் இடத்தில் உங்கள் வாட்சை வைத்துப் பாருங்கள். பையன் அதைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகலாம். நீங்கள் அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. இது அண்ணனுக்கும் பொருந்தும். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போங்கள். இது வாரிசுகளுக்குள் உள்ள சிவில் விவகாரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அப்பா சொன்ன வார்த்தை

உயில் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்து வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் 63-வது பிரிவு சொல்வது இது. வாய்மொழி உயில் உங்கள் விஷயத்தில் நிற்காது.

இதோடு விட்டுவிட வேண்டாம். உயில் இல்லை என்றால் தானம் என்று ஒன்று இருக்கிறது. அசையும் பொருளைத் தானம் கொடுக்கப் பத்திரமே தேவையில்லை, பொருளை ஒப்படைத்தால் போதும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. உங்கள் தாத்தா 1971-ல் கல்யாணப் பந்தலில் செய்தது அப்பழுக்கில்லாத தானம். அப்பா உங்களுக்குச் செய்தது அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. கவரைக் கொடுத்தவர் நர்ஸ், அதுவும் பத்திரமாக வைத்திருக்க. அப்புறம் அப்பா சொன்ன அந்த ஒரு வரி. “உங்கிட்டயே இருக்கட்டும்” என்றால், நான் வீட்டுக்கு வரும்வரை இருக்கட்டும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இனி உனக்குத்தான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பொருள் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்ததால் மறுபடி வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தச் சொல்லே ஒப்படைப்பு என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொள்வார். யார் ஜெயிப்பார்கள் என்பது, அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கேட்டது யார்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “அப்போது அம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அம்மா இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.” நாலு பக்கக் கடிதத்தில் அம்மா வருவது இந்த ஒரே இடத்தில்தான்.

அம்மாவை மறந்துவிட்டீர்கள்

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மட்டும் மறக்கவில்லை, உங்கள் அண்ணனும்தான் மறந்திருக்கிறார். ‘அண்ணனுக்கா, எனக்கா’ என்று கேட்கிறீர்கள். சட்டம் மூன்று பேரைப் பார்க்கிறது.

உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன் 8-வது பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாயார் எல்லோரும் அதில் சமம். அப்பத்தா இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். இப்போது அம்மா, அண்ணன், நீங்கள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. கொள்ளி வைத்தவருக்குக் கூடுதல் பங்கு என்று எந்தப் பிரிவிலும் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் குறைவு என்றும் இல்லை.

பரம்பரைச் சொத்து என்ற வாதம் உங்களுக்கு உதவாது. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, தானாக மகனுக்குக் கொடுத்த பொருள் அது. அப்படித் தந்தை கொடுத்தது மகன் கையில் தானாகவே மூதாதையர் சொத்தாகிவிடாது, கொடுத்தவரின் எண்ணம் என்ன என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1953-லேயே சொல்லிவிட்டது. அருணாசல முதலியார் எதிர் முருகநாத முதலியார் என்ற அந்த வழக்கு, நம் மதராஸ் பக்கத்திலிருந்து போனதுதான். ஆகவே வாட்ச் அப்பாவின் தனிச் சொத்து. 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம், 2005-ல் மத்தியச் சட்டத்தில் வந்த திருத்தம் என்று நீங்கள் தேடிப் படித்தவை எல்லாம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு உரிமை தந்தவை. இந்த வாட்சுக்கு அவை தேவையே இல்லை. மகள் என்ற முறையில் 1956 சட்டமே உங்களுக்குச் சம பங்கு கொடுத்துவிட்டது.

நான்கு வருடம் அப்பாவைக் கவனித்துக்கொண்டதற்குக் கூடுதல் பங்கு உண்டா? இல்லை. இதை எழுதும்போது எனக்கே உவப்பாக இல்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் அந்த நான்கு வருடக் கணக்கை எங்கே எழுதுவது என்று தேடி அலைவீர்கள், அதற்கு அங்கே கட்டமே கிடையாது.

அம்மாவின் மூன்றில் ஒரு பங்கு அவருடைய முழுச் சொத்து. உங்களுக்குத் தரலாம், அண்ணனுக்குத் தரலாம், யாருக்கும் தராமல் வாட்சையே தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளவும் கேட்கலாம். அம்மா வாய் திறக்காமல் இருப்பதைச் சம்மதம் என்றோ, அக்கறை இல்லை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வரும் பாகப்பிரிவினை வழக்குகளில் பாதிக்கு மேல், தாயார் பேசாமல் இருப்பார். எந்தப் பிள்ளை பக்கம் பேசினாலும் இன்னொரு பிள்ளையின் வீட்டுப் படி ஏற முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதுவும் உங்கள் அம்மா அந்த வார்த்தையைக் கேட்ட ஒரே சாட்சி. அவரைக் கூண்டில் ஏற்றினால் ஒரு பிள்ளைக்கு எதிராகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு நீங்கள் தயாரா என்று யோசித்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

அண்ணன் பக்கம்

உங்கள் கடிதத்தில் அண்ணன் விற்றுவிடுவார் என்பது அண்ணி சொன்னது. அண்ணன் வாயால் விற்கிறேன் என்று சொன்னதாக எங்கேயும் இல்லை. விலை விசாரித்தது உண்மையாகவே இருக்கட்டும். பங்கு கணக்குப் பார்க்கவும் விலை விசாரிப்பார்கள். உங்கள் பையனுக்குச் சாவி கொடுக்கத் தாத்தா சொல்லிக்கொடுத்தது போல, உங்கள் அண்ணனுக்கும் அந்த வாட்சோடு ஏதாவது ஒரு நினைவு இருக்கும். அவரிடம் நேராகக் கேளுங்கள்: “விற்கத்தான் கேட்கிறாயா, வைத்துக்கொள்ளக் கேட்கிறாயா?” பதிலைப் பொறுத்து வழி மாறும்.

விற்கத்தான் என்றால் வேலை சுலபம். அவருக்கு வேண்டியது பணம், உங்களுக்கு வேண்டியது வாட்ச். மதிப்பு ஒன்றரை லட்சம் என்றே வைத்தாலும் அவர் பங்கு ஐம்பதாயிரம். அம்மா தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்தால், அண்ணனுக்கு ஐம்பதாயிரம் கொடுத்து முடித்துவிடலாம். அந்த ஒன்றரை லட்சத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். விற்பனைக்குப் போட்டிருப்பவர்கள் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. பழைய வாட்ச் தெரிந்த இரண்டு பேரிடமாவது, அண்ணனும் கூட இருக்கும்போது, மதிப்பு எழுதி வாங்குங்கள்.

வைத்துக்கொள்ளத்தான் என்றால் அது கஷ்டமான வழி. மோதிரமும் இருக்கிறதே, அதையும் சேர்த்துப் பேசலாம். ஒருவருக்கு மோதிரம், ஒருவருக்கு வாட்ச் என்று முடித்த குடும்பங்கள் உண்டு. ஆளுக்கு ஒரு வருடம் என்று முறை வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டாவது முறை கைமாறும்போது கண்ணாடியில் கீறல் எப்படி வந்தது என்று சண்டை தொடங்கிவிடும்.

எதற்கு ஒத்துக்கொண்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவே செல்லும் என்று 1976-ல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அசையும் பொருளுக்குப் பதிவும் கட்டாயமில்லை. இருந்தாலும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், நாளை உங்கள் பையனுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் இடையே வரப்போகும் சண்டையை இப்போதே நிறுத்திவிடும். தாளில் ‘அப்பாவின் வாட்ச்’ என்று மட்டும் எழுதாமல், எந்த வாட்ச் என்று அடையாளம் தெரியும்படி எழுத வேண்டும். எண் எங்கே இருக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கோர்ட்டுக்குப் போனால்

பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், உரிமை இருக்கிறது. வாட்சை மூன்றாக வெட்ட முடியாது. கடைசியில் நீதிமன்றம் அதற்கு ஒரு விலை வைத்து, ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும், அல்லது ஏலம் விடச் சொல்லும். இன்று நீங்களே உட்கார்ந்து பேசி வரக்கூடிய அதே முடிவுக்குச் சில வருடமும் வக்கீல் ஃபீஸும் செலவழித்து வருவீர்கள். அதுவரை வாட்ச் நீதிமன்றப் பாதுகாப்பில் சாவி இல்லாமல் கிடக்க நேர்ந்தாலும் நேரும்.

மனதுக்கு நெருக்கமான பொருள் என்பதைச் சட்டம் கண்டுகொள்வதே இல்லையா என்று நீங்கள் ஓரிடத்தில் வேதனையோடு கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கண்டுகொள்கிறது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963-ன் 8-வது பிரிவின்படி, பணம் ஈடாகாத பொருளை உரிமையில்லாத ஒருவர் வைத்துக்கொண்டிருந்தால், பணத்தைக் கொடுத்துத் தப்பிக்க முடியாது, அந்தப் பொருளையே திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம். இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1684-லேயே இங்கிலாந்தில் பூசி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு பழைய கொம்பை, ‘அந்தக் கொம்பையே கொடு’ என்று நீதிமன்றம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது அந்நியரிடம் சிக்கிய பொருளை மீட்க உதவும் வழி. மூன்று பேருக்கும் பங்கு இருக்கும்போது, யாருக்குப் பாசம் அதிகம் என்று அளந்து பார்க்க அந்தப் பிரிவு உதவாது.

பெயிண்ட் அடிக்க வேண்டாம்

இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இப்போது எதுவும் செய்யாதீர்கள். உங்களுக்கு மட்டும் சொந்தமில்லாத பொருளின் தோற்றத்தை மாற்றினால், மதிப்பைக் குறைத்துவிட்டதாக அண்ணன் நாளைக்கே நோட்டீஸ் விடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். பழைய வாட்ச் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது டயலை. மங்கி, விளிம்பில் பழுப்பேறிய அசல் டயலுக்கு இருக்கும் மதிப்பு, பளபளவென்று மறுபெயிண்ட் அடித்த டயலுக்குக் கிடையாது. நம் நாட்டில் அப்படிப் பெயிண்ட் அடித்து வெளிநாட்டுக்கு விற்பது அதிகமாகி, சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே கேலிப் பெயர் வைத்துவிட்டார்கள். சீமாஸ்டர் என்ற வரிசை 1948-ல் வந்தது. உங்களுடையது அதன் முதல் பத்தாண்டுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். முள்ளிலோ எண்களிலோ இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் இன்னும் கவனம். அந்தக் காலப் பூச்சில் ரேடியம் கலப்பது வழக்கம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. மூடிய வாட்சைக் கட்டிக்கொள்வது வேறு, டயலைக் கழற்றிச் சுரண்டுவது வேறு.

ஆயிலிங் சர்வீஸ் மட்டும் வேண்டும் என்றால் மூன்று பேரின் சம்மதத்தோடு கொடுங்கள். பின்மூடியைத் திறக்கும்போது கூடவே இருங்கள். உள்ளே மெஷினில் ஒரு எண் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து, ரசீதில் எழுதச் சொல்லுங்கள். குடும்ப ஏற்பாட்டுத் தாளிலும் அதே எண்தான் வர வேண்டும். மூடியின் உள்பக்கத்தையும் படம் எடுங்கள். பழைய ரிப்பேர்காரர்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஊசி முனையால் தேதியோ தங்கள் அடையாளமோ பொடி எழுத்தில் கீறி வைப்பது வழக்கம். பினாங்கில் கீறியது ஒன்று, உங்கள் அப்பா வழக்கமாகக் கொடுத்த கடைக்காரர் கீறியது நாலைந்து என்று இருக்கலாம். பாலிஷ் போடுகிறேன் என்று அதைத் தேய்த்துவிட்டால் போனது போனதுதான். கடைக்காரர் உங்கள் பொருளைத் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனிக்க வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. ஏதாவது ஆகிவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கே மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தால் நானும் கையைப் பிசைவேன்.

இனி செய்ய வேண்டியது

முதலில் அம்மாவிடம் போங்கள். தனியாக, பையனையும் கூட்டிப்போகாமல். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்காதீர்கள், அது அவரைப் பொறியில் மாட்டும் கேள்வி. “உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, நீங்கள் சொல்லும்வரை உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்” என்று சொல்லி, வாட்சையும் மோதிரத்தையும் அவரிடமே கொடுத்துவிடுவது என் யோசனை. கொடுத்ததை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி, படத்தோடு தெரிவித்துவிடுங்கள். திருட்டு என்ற பேச்சு அதோடு அடங்கும். உங்கள் பங்கும் குறையாது, தானம் என்ற உங்கள் வாதத்தை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது. அதையும் அந்த வரியிலேயே ‘என் உரிமைக்குப் பாதகமில்லாமல்’ என்று சேர்த்துவிடுங்கள். சாவி கொடுக்க உங்கள் பையன் தினம் காலையில் பாட்டி வீட்டுக்குப் போய் வரட்டும். அடுத்த தெருதானே.

அதன் பிறகும் அண்ணன் பேச வரவில்லை என்றால் வழக்குக்கு முன் ஒரு படி இருக்கிறது. சிவகங்கை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு செயல்படுகிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. வழக்குப் போடாமலேயே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம், அவர்கள் அண்ணனுக்குக் கடிதம் அனுப்பிக் கூப்பிடுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதினால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. போகும்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், மருத்துவமனையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தப் பதிவின் நகல் மூன்றையும் எடுத்துப்போங்கள். கடைசியில் சொன்னதை மருத்துவமனையில் இப்போதே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள், நாள் ஆக ஆகத் தேடித் தர மாட்டார்கள்.